உள் ஓரம்

அல்சூர் ஏரியை ஒரு சுற்று வந்தால்
கைக்கடிகாரம் ஒரு கணக்கு சொல்லும்,
இடது முழங்கால் வேறு கணக்கு சொல்லும்.
ஆறு மாதமாக நான்
கடிகாரத்தைத்தான் நம்பினேன்.

முதல் ஷூ தள்ளுபடியில் வாங்கியது.
இளநீலம். அலுவலகத்தில் சுமித்ரா
"ரொம்ப அழகா இருக்கு" என்றாள்.
அழகாகத்தான் இருந்தது.
கறுத்துப்போன பெருவிரல் நகம்
ஒருநாள் சாக்ஸோடு கழன்று வந்தபோதும்
அது அழகாகவே இருந்தது.

பிறகு குதிகால்.
விடிகாலையில் கட்டிலை விட்டு
இறங்கும் முதல் அடியில்
யாரோ தரையில் ஆணியை
நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.
சுவரைப் பிடித்துக்கொண்டே போய்
பால் பாக்கெட்டை எடுத்தேன்.
பத்து அடி நடந்தால் சரியாகிவிடும்.
சரியாகிவிட்டால் ஓடலாம்.
இப்படித்தான் நினைத்தேன், இரண்டு மாதம்.

பிசியோதெரபிஸ்ட் ஷைலஜா
கட்டைவிரலால் அந்த ஆணியை
சரியாக அழுத்தினார்.
நான் அலறி முடித்ததும் கேட்டார்,
"என்ன வயசு?"
நாற்பத்து மூன்று என்றேன்.
"உங்களுக்கு இல்ல, ஷூவுக்கு."

அன்றிரவு குளியலறை வாசலில்
காலை நனைத்துக்கொண்டு
பழைய செய்தித்தாள் மேல் ஏறி நின்றேன்.
விலகிப் பார்த்தால்
ஒயிட்ஃபீல்டு அடுக்ககங்களின் விளம்பரத்தில்
வளைவே இல்லாமல்
அப்பளம் மாதிரி ஒரு கால்.
இத்தனை வருஷம் இதன் மேல்தான் நின்றிருக்கிறேன்.
ஈரம் காய்வதற்குள்
இன்னொரு தடவை நின்று பார்த்தேன்.
அதே அப்பளம்.

சிவாஜி நகர்க் கடையில் தயாளன்
தமிழில் பேசினார், கோலார் தங்கவயல் தமிழில்.
"சாயங்காலமா வாங்க மேடம்.
காலையில கால் பொய் சொல்லும்.
நாள் பூரா நின்னு வீங்கினாத்தான்
அளவு தெரியும்.
அந்தப் பழசையும் எடுத்துட்டு வாங்க."

எடுத்துப்போனேன்.
இளநீலத்தைப் புரட்டினார்.
உள் ஓரம் மட்டும் தேய்ந்து
சப்பளிந்து கிடந்தது.
"உங்க பாரமெல்லாம் உள்பக்கமா சாயுது" என்றார்.
என்னை இவ்வளவு சுருக்கமாக
யாரும் சொன்னதில்லை.

பள்ளிக்கூட ஷூ வாங்க வந்த பிள்ளைகள் பார்க்க
அலமாரிகளுக்கு நடுவே ஓடச் சொன்னார்.
ஓடினேன். திரும்பி ஓடினேன்.
விலை அதிகமான ஜோடியை
நான் ஆசையாகப் பார்ப்பதைக் கண்டு
பெட்டியை மூடினார்.
"இது மெத்து மெத்துன்னு இருக்கும்.
ஒரு மாசத்துல திரும்பி வருவீங்க, சண்டைக்கு."

கடைசியாக ஒரு சாம்பல் நிற ஜோடி.
அவலட்சணம்.
நுனியில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு
உள்பக்கம் கட்டியாகத் தாங்கி
கயிற்றை மேல் ஓட்டை வரை கோத்து
முடிச்சிட்டார்.
குதிகால் அசையவில்லை.

"நீங்க ஓடுவீங்களா?"

"தினமும் ரெண்டு தடவை.
காலையில கன்டோன்மென்ட்ல இறங்கி கடைக்கு.
ராத்திரி கடை சாத்திட்டு
மாரிக்குப்பம் வண்டிக்கு."

அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன்.
ரப்பர் செருப்பு.
வாரில் ஊக்கு.

"வலிக்காதா?"

"வலிக்கும்" என்றார், பில்லை மடித்தபடி.
கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.
கார்டு மெஷின் இரண்டு முறை தகராறு செய்தது.
எட்டாயிரத்து நானூறு.
அவர் கால் அளவு என்ன என்று
நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அடுத்து
என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

மூன்று வாரம் ஐஸ் பாட்டிலைக்
காலடியில் உருட்டினேன்.
ஒருநாள் ஓட்டம், ஒருநாள் நடை.
ஷைலஜா சொன்னபடி,
பேராசை இல்லாமல்.

இன்று கட்டிலை விட்டு இறங்கினேன்.
ஆணி இல்லை.
நம்பாமல் மறுபடி ஏறி
மறுபடி இறங்கினேன்.

இரண்டாவது சுற்றில்
குருத்வாரா தாண்டும்போது
தூரத்தில் ஒரு ரயில் ஊதியது.
எந்த வண்டியோ.
கால் தானாக வேகமெடுத்தது.